நான் திறந்த மூடி

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் போனில் உன் முகத்தைப் பார்த்தேன். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் நமக்குப் பேச்சு தீர்ந்துவிடுகிறது. "சாப்ட்டீங்களாப்பா?" என்கிறாய், "ஆச்சு" என்கிறேன். "மழை உண்டா?" என்கிறாய், "இல்லை" என்கிறேன். அதனால்தான் இதைத் தாளில் எழுதுகிறேன். எழுதி, படம் பிடித்து, வாட்ஸப்பில் அனுப்புவேன். என் கையெழுத்து உனக்குப் புரியும். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்து எழுதிய கை, கிறுக்கலாக இருக்காது.

"கல்யாணத்துக்கு வாரீங்களாப்பா?" என்று கேட்டாய். "பாப்போம்" என்றேன். நம் வீட்டில் "பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம். நீ எட்டாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டதற்கும் இதையேதான் சொன்னேன். நான் அப்படிச் சொன்னதும் உன் முகம் சுண்டிப்போனது திரையில் தெரிந்தது. நீ கட்டப் போகிற ரெஜினா வேதக்காரப் பெண், ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அதனால்தான் அப்பா இழுக்கிறார் என்று நினைத்திருப்பாய். சத்தியமாக அது இல்லை. அந்தப் பெண் போனில் "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறாள், அந்தக் குரலுக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். நான் இழுத்ததற்குக் காரணம் நீ அடுத்துச் சொன்னது. டெக்சாஸில் உன் வீட்டுப் பின்பக்கமே பந்தல், விருந்துக் கறியை நானே என் கிரில்லில் வாட்டப் போகிறேன், முதல் நாளே வைத்துவிடுவேன் என்றாய். கிரில் என்றால் நம் கொல்லையில் கிடக்கிறதே, அதே மாதிரிப் புகைப் பெட்டிதானே. அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்பது என்றுதான் தெரியவில்லை.

நம் பெட்டி திருக்கோகர்ணத்துக்கு வந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நீ இரண்டு வருஷம் லீவே இல்லாமல் துபாயில் கிடந்துவிட்டு, அமெரிக்கா போவதற்கு முன்னால் இரண்டு மாதம் வீட்டில் இருந்தாயே, அப்போது கார்கோவில் வந்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் கம்பளியும் பால்பவுடரும் அனுப்புவார்கள். நீ அறுபது கிலோவில் ஒரு இரும்புப் பெட்டியை அனுப்பியிருந்தாய். நாலு பேர் சேர்ந்து சந்துக்குள் தூக்கி வந்தார்கள். தெருவில் பாதிப் பேர் ஜெனரேட்டர் என்றார்கள், மீதிப் பேர் வாஷிங் மெஷின் என்றார்கள். கூடவே எட்டு மூட்டையில் பெல்லட். மரத்தூளை அழுத்திச் சின்னச் சின்னக் குச்சியாக்கியது, அதைத்தான் இது தின்று புகை விடும் என்று நீ விளக்கினாய். அம்மா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "இது மாட்டுத் தீவனம்ல?" என்றாள். சொன்னதோடு விட்டாளா, பக்கத்து வீட்டு செல்லத்தின் பசுவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைத்தாள். பசு மோந்து பார்த்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்ததே, அதை நினைத்து நீயும் அவளும் இரண்டு நாள் சிரித்தீர்கள். அதற்குப் பொகப்பொட்டி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

அந்த இரண்டு மாதத்தில் நீ அதில் ஐந்தாறு முறை கறி போட்டிருப்பாய். நான் ஒரு முறைகூட முழுதாக உட்கார்ந்து பார்க்கவில்லை. காலையில் பற்ற வைத்தால் மத்தியானம் தாண்டித்தான் சாப்பாடு என்றால் எனக்கு எரிச்சலாக வரும். "குக்கர்ல நாலு விசில் வேலை. இதுக்கு ஒரு பகலா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். அம்மாதான் சிவப்பு பிளாஸ்டிக் சேரை இழுத்துக் கொல்லையில் உன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முருங்கைக்கீரை ஆய்வாள், பூண்டு உரிப்பாள், வேலை தீர்ந்தால் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. புகையா என்று கேட்டேன். "பொகையெல்லாம் இல்லைங்க. கறி வேகுறதுக்குள்ள எம்புள்ள ரெண்டு வருசத்துக் கதையச் சொல்லிப்புட்டான்" என்றாள். என்ன கதை என்று நான் கேட்கவில்லை. "சோறு எப்ப?" என்று கேட்டேன். தம்பி, முப்பத்தோரு வருஷம் எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட் என்று எழுதியவனுக்கு வீட்டுக்குள்ளும் அதே புத்திதான்.

நீ அமெரிக்கா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவள் போய்விட்டாள். கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். உனக்காக அவளை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். நீ வந்தாய், பார்த்தாய், நெற்றியைத் தொட்டாய், கொள்ளி வைத்தாய். பதினாறு நாளும் வருகிறவர்களுக்குச் சேர் எடுத்துப் போட்டாய், டீ வாங்கி வந்தாய். நீ அழவில்லை. சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசியது என் காதில் விழுந்தது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளை, மனசு மரத்துப் போயிருக்கும் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதவன். என் அழுகைக்குத் துணையாக நீயும் அழ வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அது கிடைக்காத கோபம் பதினாறு நாளாக எனக்குள் கிடந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் கறிச்சோறு. துக்கம் கழிக்கத் தாய்வீட்டார் கிடா கொண்டுவருவது நம் வழக்கம். அம்மாவின் அண்ணன், உன் மாமா, வல்லத்திராக்கோட்டையிலிருந்து நல்ல கிடாவாகப் பிடித்து வந்திருந்தார். நீ அவரிடம் போய் இரண்டு தொடையை மட்டும் கேட்டு வாங்கினாய். "அம்மாவுக்குப் புடிச்ச மாதிரி வாட்டி வைக்கிறேன் மாமா" என்றாய். அவரும் கொடுத்துவிட்டார். விடிந்ததும் நீ பொகப்பொட்டியைப் பற்ற வைத்து, தொடைக்குள் வெப்பம் பார்க்கிற கம்பியைக் குத்தி, மூடியை மூடிவிட்டு உட்கார்ந்தாய். உன் பக்கத்தில் அந்தச் சிவப்புச் சேரை எடுத்துப் போட்டிருந்தாய். அது காலியாகத்தான் இருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சமையல்காரர் குழம்பை இறக்கிவிட்டார். பந்தலில் எழுபது எண்பது பேர். நான் கொல்லைக்கு வந்து பார்த்தேன். பெட்டியின் சின்னத் திரையில் கறியின் சூடு எழுபது என்று நின்றது. அரை மணி கழித்து வந்தேன், அப்போதும் எழுபது. ஒரு மணிக்கு வந்தேன், அதே எழுபது. "மிசின் நின்னு போச்சுடா" என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிக்கலப்பா. கறி இந்த எடத்துல கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். உள்ள இருக்க தண்ணியெல்லாம் வேர்த்து வெளிய வந்தப்புறம் தானா ஏறும். தெறக்காம இருந்தாப் போதும்" என்றாய். எவ்வளவு நேரம் என்றேன். "தெரியாதுப்பா" என்றாய். தெரியாது என்ற சொல் எனக்கு ஆகவே ஆகாது. அந்த நேரம் பார்த்து மாமா வந்து, "என்ன மாப்ள, மணி ஒன்னே கால். எலை போட்டுருவமா? தொடை ரெண்டும் அங்கிட்டுல்ல கெடக்கு. தொடைக்கறி இல்லாம எந்தங்கச்சிக்குக் கறிச்சோறு போட்டேன்னு நாளைக்கு ஊருல பேச்சாயிரும்" என்றார். அவர் ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை. கறிச்சோற்றில் எல்லோர் இலையிலும் ஒரு துண்டு தொடை விழ வேண்டும், இல்லாவிட்டால் கிடா கொண்டுவந்தவருக்குக் குறைச்சல். அதுதான் அவர் கவலை.

நான் மூடியைத் திறந்தேன். நீ "அப்பா, வேணாம்" என்று எழுந்தாய். நான் துண்டை மடித்துப் பிடித்து இரண்டு தொடையையும் இழுத்து எடுத்துச் சமையல்காரரின் பலகையில் போட்டு, "வெட்டிக் கொழம்புல போடுங்க" என்றேன். உட்கார இடமில்லாமல் நின்ற ஒரு பெரியவருக்காக, போகிற போக்கில் அந்தச் சிவப்புச் சேரையும் தூக்கினேன். நீ அந்தச் சேரின் காலைப் பிடித்தாய். நான் வெடுக்கென்று இழுத்தேன். இழுத்துவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். "பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஆட்டுத் தொடைக்கு மட்டும் விடிஞ்சதுலேருந்து காவல் இருக்கான்" என்றேன். யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நீ பெட்டியின் கம்பித் தட்டைத் தேய்த்துக் கழுவி, சாம்பலை அள்ளி, மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டினாய். மறுநாள் காலையில் "போய்ட்டு வாரேம்பா" என்று பையைத் தூக்கினாய். மூன்று வருஷம் ஆகிறது. போனில் ஒரு நாளும் நீ அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

இந்த மூன்று வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று நீ கேட்டால் "நல்லாருக்கேன்" என்பேன். உண்மை அது இல்லை. காலையில் எழுந்து இரண்டு தம்ளர் டீ போட்டுவிடுகிறேன், இன்னும் அந்தக் கை திருந்தவில்லை. ஒரு ஆழாக்கு அரிசி வடித்தால் இரண்டு வேளைக்கு வருகிறது, மூன்றாவது வேளை அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டிவியை ஓட விட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்திருப்பேன், வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்றிருக்கும். சில நாள் டவுன் பஸ்ஸில் ஏறி, பஸ் ஸ்டாண்டு வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். தெரிந்த கண்டக்டர்கள் "எங்கிட்டு சார்?" என்று கேட்பார்கள். "சும்மா, ஒரு வேலையா" என்பேன். ஒரு வேலையும் கிடையாது, தம்பி. கூட நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் நீதான் சொன்னாய், அந்தப் பெட்டி சும்மா கிடக்கிறது, திருச்சியில் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடுங்கள் என்று. அவரும் வந்தார். ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். தார்ப்பாயை எடுத்து ஸ்விட்சைப் போட்டால் உள்ளே 'கரகர' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. பழைய பெல்லட் காற்றின் ஈரத்தில் ஊதி, மாவாகி, அதை உள்ளே தள்ளுகிற திருகில் இறுகிப் போயிருந்தது. சரி பண்ணி வையுங்கள், அப்புறம் வருகிறேன் என்று அவர் போய்விட்டார். நான் யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து, ஸ்குரூ டிரைவரால் சுரண்டிச் சுரண்டி மூன்று நாளில் அதைச் சுத்தம் பண்ணினேன். அம்மா இரண்டு மூட்டைப் பெல்லட்டை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள், அது இன்னும் மொறுமொறுப்பாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை கொல்லை முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே செல்லம் தலையை நீட்டி, "தம்பி வந்துருச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு வாய் கோணிக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு முழுத் தொடை கேட்டேன். எப்போதும் கால் கிலோ வாங்குகிறவன். "என்ன சார், விருந்தாளியா?" என்றார் கடைக்காரர். "ஆமா, ஆளுக வாராக" என்று பொய் சொன்னேன். நீ உப்பும் மிளகும் தடவுகிற மாதிரியே தடவி, கம்பியைக் குத்தி, எட்டு மணிக்கு மூடியை மூடினேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூலும், அதற்குப் பக்கத்தில் அந்தச் சிவப்புச் சேரும் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அது எழுபதுக்கு வந்து நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. ஒரு மணி, அதே எழுபது. எனக்குக் கை மூடிக்கு மூடிக்குப் போயிற்று. பிறகு வாட்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அந்தச் சேரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அன்றைக்கு ஆட்டுத் தொடைக்குக் காவல் இருக்கவில்லை. பந்தல் நிறைய ஆள் இருக்கிற வீட்டில் உன் அம்மாவோடு தனியாக உட்கார உனக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது. அதுவும் அந்தக் கறி வேகிற வரைக்கும்தான். நான் போய் மூடியைத் திறந்து, அவள் சேரைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டேன். இரண்டரை மணி வரை எழுபதிலேயே நின்றது தம்பி. நானும் அவளிடம் என்னென்னவோ பேசினேன். நீ அவளிடம் சொன்ன அந்த இரண்டு வருஷக் கதை என்ன என்று கேட்டேன். துபாயில் நீ ஏன் லீவு எடுக்காமல் கிடந்தாய், அவள் ஏன் அழுதாள், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் போய்விட்டாள். சொந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சாப்பிட்டானா என்பதுதான்.

நிமிர்ந்து பார்த்தபோது எழுபத்தொன்று. அப்புறம் எழுபத்து மூன்று. தானாக ஏறியது. ஐந்து மணிக்குத் திறந்தேன். எலும்பைத் தொட்டதும் கறி கழன்று வந்தது. பாதியைச் செல்லம் வீட்டுக்குக் கொடுத்தேன். மீதியில் ஒரு துண்டை நின்றுகொண்டே வாயில் போட்டேன். சூட்டோடு தின்று பாருங்கள் என்று அம்மா அவ்வளவு சொல்லியும் நான் ஒரு நாளும் சூடாகச் சாப்பிடாத கறி. நன்றாக இருக்கிறது என்று சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை. அன்றைக்கு நான் அழுதேன். யாருக்கும் காட்டுவதற்கான அழுகை இல்லை அது. திருச்சிக்காரருக்குப் போன் போட்டு, கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ரெஜினா பேச ஆரம்பித்தால் மணியைப் பார்க்காதே. அவள் பேசாமல் இருந்தாலும், ஏன் பேசவில்லை, எப்போது சரியாவாய் என்று போய் மூடியைத் திறக்காதே, பக்கத்தில் இரு. இதை நான் அம்மாவிடமும் செய்யவில்லை, உன்னிடமும் செய்யவில்லை. அன்றைக்கு நான் சொன்ன சொல் தப்பு. என்னை மன்னித்துவிடு. பந்தலில் எழுபது பேர் முன்னால் சொன்னதை இப்படித் தாளில் திரும்ப வாங்குவது போதாது என்று தெரியும்.

அதனால்தான் நேரில் வருகிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது, சென்னையில் விசாவுக்கு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர்கள் கொடுத்தால் அடுத்த விமானம், இது "பாப்போம்" இல்லை. வாட்சை இங்கேயே பீரோவில் வைத்துவிட்டு வருவேன். கறி எப்போது ஆகும் என்று கேட்க மாட்டேன், யார் பசிக்கிறது என்று வந்தாலும் மூடியைத் தொட விட மாட்டேன். நீ ஒன்று மட்டும் செய். முதல் நாள் பற்ற வைக்கும்போது பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று சேர் போடு. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அந்த இரண்டு வருஷக் கதையை மெதுவாகச் சொல். மூன்றாவதை யாராவது எடுக்க வந்தால், நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் சொல்வானே, அதை நான் சொல்லிக்கொள்கிறேன்: "அதுல ஆள் இருக்கு."

அப்பா